ஒரே கேமரா, வேறு வேறு கடமை: உருவப்படம் முதல் குற்றச் சம்பவ இடம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

உருவப்படத்தில் பின்னணி மங்கிக் கரைந்திருந்தால் பார்ப்பவர்கள் பாராட்டுவார்கள். அதே மங்கலோடு, தரையில் கிடக்கும் கத்தியைப் படமெடுத்து விசாரணைக் கோப்பில் வைத்துப் பாருங்கள். "கத்திக்குப் பின்னால் என்ன இருந்தது, ஏன் தெரியவில்லை?" என்றுதான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்பார். லென்ஸ் அதேதான், அபெர்ச்சரும் (லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவு) அதேதான். ஓரிடத்தில் திறமையாகத் தெரிவது இன்னோரிடத்தில் ஓட்டையாகிவிடுகிறது.

ஒவ்வொரு வகைப் படத்துக்கும் எந்த எண்களை வைக்க வேண்டும் என்று பட்டியல் தேடுபவர்கள் அதிகம். பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, ஷட்டரை அழுத்தும் முன் ஒரு கேள்வி கேட்டுப் பழகுங்கள்: இந்தப் படத்தைப் பார்க்கப்போகிறவர் இதிலிருந்து எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் எண்கள் தாமாக வந்து சேரும். மற்ற வகைகளை இங்கே சற்று வேகமாகக் கடந்துவிட்டு, குற்றச் சம்பவ இடத்தில் நிதானமாக நிற்போம். விதிகள் கறாராக இருப்பது அங்கேதான். அங்கே பழகிய கை வேறு எங்கும் தடுமாறாது.

எதற்கும் முன்னால்: மூன்று திருகுகள்

அபெர்ச்சர் எவ்வளவு ஒளி உள்ளே வரும் என்பதைத் தீர்மானிக்கிறது. கூடவே கூர்மையின் ஆழத்தையும். எஃப்/2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று ஒவ்வொரு படி ஏறும்போதும் ஒளி பாதியாகும், கூர்மையான பகுதி நீளும். எஃப்/16-ஐத் தாண்டினால் ஒளி விளிம்பில் வளைந்து பரவுவதால் படம் முழுக்கவே சற்று மென்மையாகிவிடும். அதனால் 'அதிகக் கூர்மை வேண்டும்' என்று கண்ணை மூடிக்கொண்டு எஃப்/22-க்குப் போகாதீர்கள்.

ஷட்டர் வேகம் அசைவை உறைய வைக்கும் அல்லது இழுக்கவிடும். கையில் பிடித்து எடுக்கும்போது லென்ஸின் குவியத் தூரத்தையே அளவுகோலாகக் கொள்ளலாம்: 50 மி.மீ. லென்ஸுக்கு 1/50 நொடிக்குக் கீழே போகாதீர்கள், 200 மி.மீ. என்றால் 1/200. ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) கடைசிக் கருவி. மற்ற இரண்டையும் முடிவு செய்தபின் குறையும் வெளிச்சத்தை அதைக் கொண்டு ஈடுகட்டுங்கள். சிறுமணிகள் விழுந்த படம் பயன்படும். அசைந்துபோன படம் பயன்படாது.

கேமராவின் ஒளிமானி தன் முன்னால் இருப்பது எல்லாமே நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொள்கிறது. வெள்ளைச் சுவரையோ பனியையோ எடுத்தால் அழுக்குச் சாம்பலாக வரும்; எக்ஸ்போஷர் ஈடுகட்டும் அளவை +1 முதல் +2 வரை கூட்டுங்கள். கறுப்புத் துணி வெளிறி வரும்; -1 அல்லது -2 குறையுங்கள். குழல்விளக்கு, எல்இடி வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாக விழுந்தால் அது மின்சாரத்தின் துடிப்பு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/50 அல்லது 1/100 வைத்தால் பெரும்பாலும் பட்டை மறையும். 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 1/60 அல்லது 1/120.

எந்த வகையானாலும் ரா கோப்பாக (சென்சார் பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் வடிவம்) பதிவு செய்யுங்கள். ஜேபெக் மட்டும் எடுத்தால் வண்ணம், மாறுபாடு பற்றிய முடிவுகளைக் கேமராவே எடுத்து, மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிடுகிறது.

மனிதர்கள்

முகத்தின் அமைப்பை மாற்றுவது லென்ஸ் அல்ல, தூரம். ஒரு மீட்டருக்குள் நெருங்கி எடுத்தால் மூக்கு பெருக்கும், காதுகள் பின்வாங்கும். ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். அந்த இடத்திலிருந்து முகம் சட்டத்தை நிரப்ப 85 மி.மீ. லென்ஸ் தேவைப்படுகிறது என்பதால்தான் அது உருவப்பட லென்ஸ் ஆயிற்று.

85 மி.மீ., எஃப்/1.8, ஒன்றரை மீட்டர் தூரம் என்றால் கூர்மையாக இருக்கப்போவது சுமார் 3 செ.மீ. மட்டுமே. முகம் சற்றுத் திரும்பியிருந்தால் ஒரு கண் தெளிவாகவும் மற்றது மங்கலாகவும் வரும். கேமராவுக்கு அருகில் இருக்கும் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். இருவரைச் சேர்த்து எடுப்பதாக இருந்தால் எஃப்/4-க்கு வந்துவிடுங்கள். கூட்டமாக நிற்பவர்களுக்கு எஃப்/8. ஜன்னல் ஒளிக்கு ஈடான விளக்கு இன்னும் வரவில்லை என்பது என் எண்ணம். ஆளை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நிறுத்தி, இருண்ட பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தாலே பாதி வேலை முடிந்தது.

தெருவில் எடுப்பவர்களுக்கு ஃபோகஸ் தேட நேரம் இருக்காது. 35 மி.மீ. லென்ஸ், எஃப்/8, தூரத்தைக் கையால் 3 மீட்டரில் வைத்துவிடுங்கள். ஏறத்தாழ 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். அதன்பின் கண்ணும் காலும் மட்டும் வேலை செய்தால் போதும்.

நிலம், வானம், ஓட்டம்

நிலக்காட்சிக்கு முக்காலியும் பொறுமையும். 24 மி.மீ. லென்ஸில் எஃப்/11 வைத்து 1.8 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், சுமார் 90 செ.மீ.யிலிருந்து அடிவானம் வரை கூர்மையாக இருக்கும். தொலைவில் உள்ள மலையில் ஃபோகஸ் வைப்பவர்கள் காலடிப் பாறையை இழப்பது இதனால்தான். வானத்தின் நீலத்தைக் கறுக்கச் செய்யும் போலரைசர் வடிகட்டி சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள வானத்தில்தான் வலுவாக வேலை செய்யும். மிக அகன்ற லென்ஸில் போட்டால் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கறுத்து அசிங்கமாகும். அருவியைப் பட்டுபோல் இழுக்க வேண்டுமானால் பத்து ஸ்டாப் என்டி வடிகட்டி (ஒளியைப் பத்து முறை பாதியாக்கும் கறுப்புக் கண்ணாடி) போடுங்கள். 1/30 நொடியாக இருந்தது 30 நொடிக்கு மேல் போய்விடும்.

நட்சத்திரங்களுக்கு 500-ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுங்கள். 20 மி.மீ. என்றால் 25 நொடி. அதற்கு மேல் போனால் பூமி சுழல்வது கோடாகத் தெரிய ஆரம்பிக்கும். இன்றைய நுணுக்கமான சென்சார்களில் இந்தக் கணக்கே சற்றுத் தாராளம். 15 நொடியில் ஒன்று எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஓடுபவரை உறைய வைக்க 1/1000, பறக்கும் பறவைக்கு 1/2000. தொடர் ஃபோகஸ், தொடர் படப்பிடிப்பு இரண்டும் இயங்கட்டும். வேகத்தையே காட்ட வேண்டும் என்றால் நேர்மாறாக 1/30-க்கு இறங்கி, ஓடும் பொருளோடு இடுப்பைத் திருப்பியபடியே அழுத்துங்கள். அழுத்தியபின்னும் திருப்புவதை நிறுத்தாதீர்கள். பத்துக்கு ஒன்று தேறினால் நல்ல விளைச்சல்.

நெருக்கமும் நகலும்: இடையில் ஒரு பாலம்

மேக்ரோவில் (மிக நெருங்கி எடுக்கும் படத்தில்) பொருளும் சென்சாரில் விழும் பிம்பமும் ஒரே அளவு என்ற நிலைக்கு வந்தால், எஃப்/8-இல் கூட கூர்மை ஒரு மில்லிமீட்டர்தான். மூச்சு விட்டாலே ஃபோகஸ் நகரும். முக்காலியில் பூட்டி, ஃபோகஸை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து மென்பொருளில் அடுக்குவது ஒரு வழி. பூச்சிகளுக்கும் நகைகளுக்கும் அது சரி. தடயத்துக்கு அப்படிச் செய்தால் செய்ததைப் பதிவேட்டில் எழுதி, மூலப் படங்கள் அத்தனையையும் வைத்திருக்க வேண்டும்.

ஆவணம், ஓவியம் போன்ற தட்டையான பொருளை எடுக்கும்போது கேமராவின் சென்சார் அதற்கு முற்றிலும் இணையாக இருக்க வேண்டும். இரண்டு விளக்குகளை இரு பக்கமும் 45 பாகையில் வைத்தால் பளபளப்பு லென்ஸுக்குள் வராமல் வெளியே தெறித்துவிடும். இந்த ஒரு பயிற்சியை நன்றாகச் செய்யுங்கள். கைரேகைக்கும் காலணித் தடத்துக்கும் இதே ஒழுங்குதான் அடிப்படை.

குற்றச் சம்பவ இடம்: வேறு உலகம்

பாரிஸ் காவல்துறையில் பணியாற்றிய அல்ஃபோன்ஸ் பெர்டில்லான் (1853–1914), குற்றவாளிகளை முன்புறமும் பக்கவாட்டிலுமாக ஒரே முறையில் படமெடுக்கும் வழக்கத்தை நிலைநிறுத்தியவர். உயரமான முக்காலியில் கேமராவை ஏற்றி, கீழே கிடக்கும் உடலை நேர் மேலிருந்து எடுக்கும் முறையையும் அவர் கையாண்டார். படம் அழகாக இருக்க வேண்டும் என்பது அவர் நோக்கம் அல்ல. அதிலிருந்து அளவெடுக்க முடிய வேண்டும். இன்றும் இந்தத் துறையின் முதல் விதி அதுதான். அந்த அறைக்குள் ஒருபோதும் நுழையாத ஒருவர் படங்களை மட்டும் வைத்துக்கொண்டு எது எங்கே, எவ்வளவு தூரத்தில், எந்த நிலையில் இருந்தது என்று சொல்ல வேண்டும்.

ஆகவே இங்கே நாடகத்தன்மைக்கு இடமில்லை. சாய்ந்த கோணம் வேண்டாம், மங்கல் பின்னணி வேண்டாம், பொருளை 'நன்றாகத் தெரியும்படி' நகர்த்துவது கூடவே கூடாது. படமெடுத்து முடியும்வரை எதையும் தொடக்கூடாது. கைபேசியில் எடுப்பது தவிர்க்க முடியாமல் போனால் இரவு முறை, உருவப்பட முறை, தானியங்கி அழகுபடுத்தல் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பல படங்களைச் சேர்த்துத் தைத்து, இல்லாத கூர்மையை ஊகித்து நிரப்பும் கருவி சாட்சி சொல்ல வந்தால் குறுக்கு விசாரணையில் தாங்காது.

லென்ஸ் முழுச் சட்ட (36×24 மி.மீ.) சென்சாரில் 50 மி.மீ. அளவில் இருக்கட்டும், சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் சுமார் 35 மி.மீ. அகன்ற லென்ஸ் அறையைப் பெரிதாக்கிக் காட்டும். டெலி லென்ஸ் தூரங்களைச் சுருக்கும். "கதவிலிருந்து உடல் எவ்வளவு தள்ளிக் கிடந்தது" என்பதே வழக்கின் முடிச்சாக இருக்கும்போது இரண்டுமே ஆபத்து. சிறிய அறையில் அகன்ற லென்ஸ் இல்லாமல் முடியாது என்றால் பயன்படுத்துங்கள், ஆனால் எந்த லென்ஸ் என்று குறித்து வையுங்கள்.

படி 1: உள்ளே போகும் முன். கேமராவின் கடிகாரத்தைச் சரிபாருங்கள். பத்து நிமிடம் பிசகியிருந்தால் பிறகு சாட்சியங்களோடு பொருந்தாமல் தலைவலியாகும். காலியான, புதிதாக ஃபார்மட் செய்த மெமரி கார்டு போடுங்கள். முதல் படம் ஓர் அட்டை: வழக்கு எண், தேதி, நேரம், இடம், எடுப்பவர் பெயர். அதே சட்டத்தில் சாம்பல் அட்டையும் இருந்தால் வண்ணத்தைப் பிறகு சரிபார்க்க உதவும்.

படி 2: அழியப்போவது முதலில். உலரும் ரத்தம், மழையில் கரையும் தடம், உருகும் பனிக்கட்டி, அணையப்போகும் திரை இவையெல்லாம் வரிசைக்குக் காத்திருக்காது. விளக்கு எரிந்துகொண்டிருந்ததா, தாழ்ப்பாள் எந்த நிலையில், கடிகாரம் எந்த நேரத்தில் என்பதும் இதில் சேரும். உங்களுக்கு முன்னால் வந்தவர் சுவிட்சைத் தட்டியிருந்தால் அதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

படி 3: வெளியிலிருந்து உள்ளே. தெரு, கட்டடத்தின் நான்கு பக்கம், கதவு எண், நுழையும் வெளியேறும் வழிகள். வெளியே கூடி நிற்பவர்களையும் நிறுத்தியிருக்கும் வண்டிகளையும் ஓரிரு படங்களில் பதிவு செய்துவிடுங்கள். யார் வந்து நின்றார்கள் என்பது பின்னால் தேவைப்படலாம். அடுத்து அறை. நான்கு மூலைகளிலும் நின்று எதிர் மூலையை நோக்கி, கண் உயரத்தில், ஒவ்வொரு படமும் அடுத்ததோடு கொஞ்சம் ஒட்டி வரும்படி எடுங்கள். கூரையையும் தரையையும் பலர் மறந்துவிடுகிறார்கள். துப்பாக்கிச் சூடு நடந்த அறையில் கூரையை விட்டுவிட்டு வருவது பெரிய பிழை.

எஃப்/8 முதல் எஃப்/11 வரை வையுங்கள், முன்னும் பின்னும் எல்லாம் கூர்மையாக. ஃபிளாஷ் தூரம் இரட்டித்தால் ஒளி கால்பங்காகிவிடும். அதனால் நேரே அடித்தால் முன்னால் உள்ள நாற்காலி வெளுத்து, பின்சுவர் இருண்டுவிடும். வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்பும்படி மேல்நோக்கி அடியுங்கள், அல்லது முக்காலியில் வைத்து நீண்ட நேர வெளிச்சம் கொடுங்கள். ஃபிளாஷ் போடும்போது ஷட்டர் 1/200 அல்லது 1/250-ஐத் தாண்டினால் படத்தின் ஒரு பகுதி கறுப்பாகும் கேமராக்களே அதிகம்.

படி 4: இடைத்தூரம். இந்தப் படி இல்லாமல்தான் பல கோப்புகள் நொண்டுகின்றன. அறை முழுவதும் ஒரு படம், கத்தி மட்டும் நெருக்கமாக ஒரு படம் என்று வைத்துவிட்டால், அந்தக் கத்தி அந்த அறையில்தான் கிடந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? கத்தியையும் பக்கத்தில் உள்ள அசையாத ஒன்றையும் (மேசைக்கால், கதவு நிலை, ஜன்னல்) ஒரே சட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். கேமரா, கத்தி, மேசைக்கால் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருந்தால் இடைவெளி தெரியாது. பக்கவாட்டில் நகர்ந்து, மூன்றும் முக்கோணமாக அமையும்படி நில்லுங்கள்.

படி 5: நெருக்கம், இரண்டு முறை. முதலில் அளவுகோல் இல்லாமல். அளவுகோல் எதையாவது மறைத்தது என்று யாரும் சொல்ல முடியாதபடி. அடுத்து அதே இடத்தில் அளவுகோலோடு. அளவுகோல் தடயத்தின் அதே தளத்தில் படுத்திருக்க வேண்டும், கேமரா அதற்குச் செங்குத்தாக. தடயங்களுக்குப் பக்கத்தில் வைக்கும் எண் பலகைகளும் இதே கதைதான்: முழுக் காட்சியைப் பலகை இல்லாமல் ஒருமுறை எடுத்தபின் பலகைகளை வைத்து மறுபடியும் எடுங்கள்.

படி 6: உடல் இருந்தால். நான்கு பக்கமும், தலைமாட்டிலும் கால்மாட்டிலும், முடிந்தால் நேர் மேலிருந்தும். முகம், கைகள், காயங்கள் ஒவ்வொன்றும் நெருக்கமாக, அளவுகோல் இன்றியும் அதோடும். உடலை எடுத்தபின் அடியில் இருந்த தரையை எடுக்க மறக்காதீர்கள். உயிரோடிருப்பவரின் காயம் என்றால் அவர் சம்மதமும் அவர் மானமும் முதலில். காயத்தைத் தவிர மற்ற இடங்களை மூடிவிட்டு எடுங்கள். அடிபட்ட இடத்தின் கன்றல் ஓரிரு நாள் கழித்து இன்னும் தெளிவாகத் தெரிவதுண்டு. அப்போது மறுபடியும் எடுப்பது நல்ல வழக்கம்.

ஒரு காலணித் தடத்தை எடுப்பது எப்படி

ஈர மண்ணில் பதிந்த ஒரே ஒரு தடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேரே ஃபிளாஷ் அடித்து எடுத்தால் தட்டையான பழுப்பு நிறம்தான் கிடைக்கும். அடிப்பாகத்தின் வரிகள் மறைந்துவிடும். இங்கே நிழல்தான் கண்.

முதலில் தடம் எங்கே இருக்கிறது என்று காட்டும் இடைத்தூரப் படம். பிறகு முக்காலியைக் கொண்டுவந்து, கேமரா நேர் கீழே பார்க்கும்படி தலைகீழாக அல்லது குறுக்குக் கம்பியில் பூட்டுங்கள். முக்காலியின் கால் இன்னொரு தடத்தின் மேல் ஊன்றவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். சென்சார் தரைக்கு இணையாக இருக்கிறதா என்று சிறிய நீர்மட்டத்தால் சோதியுங்கள். எல் வடிவ அளவுகோலைத் தடத்தின் பக்கத்தில் வையுங்கள். மேல்மண்ணில் அல்ல, பக்கத்து மண்ணைக் கவனமாக அகற்றித் தடத்தின் அடிமட்டத்துக்கு இறக்கி. அளவுகோல் மேலே, தடம் கீழே என்றிருந்தால் கேமராவுக்கு அருகில் உள்ள அளவுகோல் பெரிதாகத் தெரிந்து, காலணி உண்மையைவிடச் சிறியதாகக் கணக்காகும். எந்த மென்பொருளும் அதைப் பிறகு சரி செய்யாது.

தடம், அளவுகோல் இரண்டும் சட்டத்தை நிரப்பட்டும். தானியங்கி ஃபோகஸை அணைத்து, தடத்தின் அடியில் கையால் ஃபோகஸ் வையுங்கள். எஃப்/8 அல்லது 11. ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, ஒன்றரை மீட்டர் தள்ளி, தரையோடு தரையாகத் தாழ்த்திப் பிடியுங்கள். மேலிருந்து விழும் வெயிலை ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு அடியுங்கள். தூசியில் பதிந்த மெல்லிய தடத்துக்கு ஒளி மிகத் தாழ்வாக வர வேண்டும். ஆழமான தடத்துக்கு அதே தாழ்வு ஒத்துவராது. விளிம்பின் நிழல் உள்ளே விழுந்து பாதியை விழுங்கிவிடும், ஃபிளாஷைச் சற்று உயர்த்த வேண்டும்.

இனி கேமராவைத் தொடாமல் ஃபிளாஷை மட்டும் நகர்த்தித் தடத்தைச் சுற்றிக் குறைந்தது மூன்று திசைகளிலிருந்து எடுங்கள். ஒரு திசையில் ஒளிந்திருந்த அடிப்பாகத்து வெட்டு, குதிகால் தேய்மானம், ஒட்டிக்கொண்ட கல் இன்னொரு திசையில் எழுந்து நிற்கும். ஒரே வகைக் காலணி ஆயிரக்கணக்கானவர்களிடம் இருக்கும். குறிப்பிட்ட அந்தக் காலணியை அடையாளம் காட்டுவது இந்தச் சின்னச் சின்னச் சேதங்கள்தான். அச்சு வார்ப்பு எடுப்பது படத்துக்குப் பிறகுதான், முன்னால் அல்ல. வண்டிச் சக்கரத் தடத்துக்கும் இதுவே முறை. நீளமாக இருப்பதால் அளவு நாடாவைப் பக்கத்தில் விரித்து, ஒன்றோடொன்று ஒட்டி வரும்படி துண்டு துண்டாக எடுங்கள்.

கைரேகையும் கண்ணுக்குத் தெரியாதவையும்

கைரேகைக்கு அங்குலத்துக்கு 1000 புள்ளிகள் என்ற தெளிவு பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. 6000×4000 புள்ளிகள் கொண்ட 24 மெகாபிக்சல் கேமரா என்றால், சட்டத்துக்குள் வரும் பரப்பு 15×10 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது என்று பொருள். மேக்ரோ லென்ஸ், முக்காலி, செங்குத்துக் கோணம், அளவுகோல். கண்ணாடியில் உள்ள ரேகைக்குப் பின்னால் கறுப்பு அட்டை பிடித்துப் பக்கவாட்டில் ஒளி கொடுத்தால் பெரும்பாலும் பொடி தூவும் முன்பே தெரிந்துவிடும். பொடி தூவும்போது ரேகை அழிவதும் உண்டு என்பதால் தெரிந்ததை முதலில் எடுத்துவிடுங்கள்.

450 நானோமீட்டர் அளவிலான நீல ஒளியைப் பாய்ச்சி, லென்ஸில் ஆரஞ்சு வடிகட்டி போட்டால் உடல் திரவங்கள், சில இழைகள் ஒளிர்வதைப் பிடிக்கலாம். ரத்தம் இதற்கு எதிர். அது ஒளிராது, உறிஞ்சும். 415 நானோமீட்டர் சுற்றில் மிக வலுவாக உறிஞ்சுவதால் ஊதா ஒளியில் கறுப்பாகத் தெரியும். கறுப்புத் துணியில் படிந்த ரத்தமும் வெடிமருந்துத் துகளும் சாதாரண ஒளியில் தெரியாமல் போகும். பல சாயங்கள் அகச்சிவப்பை எதிரொளிப்பதால், அகச்சிவப்பில் துணி வெளுத்துக் கறை மட்டும் இருட்டாக நிற்கும். இதற்கு, அகச்சிவப்பைத் தடுக்கும் உள்வடிகட்டி நீக்கப்பட்ட கேமரா வேண்டும்.

லூமினால் என்ற வேதிப்பொருள் 1937-லேயே ரத்தத்தைத் தேடும் சோதனையாக முன்வைக்கப்பட்டது. கழுவித் துடைத்த இடத்திலும் நீலமாக மினுங்கும். ஆனால் சில நொடிகளுக்குத்தான். முக்காலியில் பூட்டி, விளக்கு எரியும்போதே ஃபோகஸ் வைத்து ஒரு சாதாரணப் படம் எடுத்துவிடுங்கள். பிறகு அறையை முழு இருட்டாக்கி, எஃப்/2.8 அல்லது 4, ஐஎஸ்ஓ 800 முதல் 1600, 30 நொடி. ஷட்டரைத் திறந்தபின் தெளிக்கச் சொல்லுங்கள். அந்த 30 நொடி முடியும் தறுவாயில் மிக மெல்லிய ஃபிளாஷ் ஒன்றைக் கூரையில் அடித்தால், மினுங்கும் நீலமும் அறையின் சாமான்களும் ஒரே படத்தில் விழும். சுத்தம் செய்யப் பயன்படும் பிளீச்சும் செம்பும்கூட லூமினாலை ஒளிரச் செய்யும். ஆகவே அந்தப் படம் 'இங்கே சோதிக்க வேண்டும்' என்று மட்டுமே சொல்கிறது. 'இது ரத்தம்' என்று பதிவேட்டில் எழுதிவிடாதீர்கள்.

இரவில் பெரிய வெளி

நள்ளிரவு நெடுஞ்சாலை விபத்து. நூறு மீட்டருக்குச் சிதறிய துண்டுகள். ஒரு ஃபிளாஷ் அதில் சிறு பகுதியைத்தான் எட்டும். முக்காலி, எஃப்/8, ஷட்டரை பல்ப் நிலையில் (நாம் மூடும்வரை திறந்தே இருக்கும் நிலை) திறந்து வையுங்கள். ஒருவர் லென்ஸை அட்டையால் மூடியும் திறந்தும் நிற்க, இன்னொருவர் இருண்ட உடையில் பக்கவாட்டில் நடந்து, நாலைந்து இடங்களிலிருந்து முன்னோக்கி ஃபிளாஷ் அடிக்க வேண்டும். அடிக்கும்போது அவர் உடல் கேமராவுக்கும் வெளிச்சம் விழும் இடத்துக்கும் நடுவே வரக்கூடாது, ஒளியும் நேரே லென்ஸில் விழக்கூடாது. சரியாகச் செய்தால் முழுச் சாலையும் ஒரே சீரான வெளிச்சத்தில் வரும். விடிந்தபின் அதே இடத்திலிருந்து பகல் வெளிச்சத்திலும் ஒரு வரிசை எடுத்து வையுங்கள்.

வண்டிகளுக்கு நான்கு பக்கம், நான்கு மூலை, பதிவெண் பலகை, அடிச்சட்ட எண், ஓட்டுநர் இருக்கை, சீட்பெல்ட், வேகமானி. ஓட்டுநரின் கண் உயரத்தில் நின்று, அவர் வந்த வழியிலேயே சில படங்கள் எடுங்கள். அவருக்கு என்ன தெரிந்திருக்கும், எது மறைந்திருக்கும் என்ற வாதம் கட்டாயம் எழும்.

படத்தோடு வேலை முடிவதில்லை

ஒவ்வொரு படத்துக்கும் கோப்பு எண், நேரம், எந்தத் திசையை நோக்கி, எதைக் காட்டுகிறது என்று எடுக்கும்போதே எழுதுங்கள். பிறகு எழுதலாம் என்றால் நாற்பதாவது படத்தில் எந்தச் சுவர் என்பது குழம்பிவிடும்.

எதையும் அழிக்காதீர்கள். மங்கலானது, தவறி அழுத்தியது, உங்கள் காலணியே விழுந்தது எல்லாம் இருக்கட்டும். மங்கலான படத்துக்கு யாரும் வழக்கைத் தோற்பதில்லை. 0147-க்கும் 0149-க்கும் நடுவே ஒரு எண் காணாமல் போனால், அதில் என்ன இருந்தது என்று அரைநாள் பதில் சொல்ல வேண்டிவரும்.

கார்டில் உள்ளதை, ஒருமுறை எழுதியபின் மாற்ற முடியாத ஊடகத்துக்கு முழுமையாக நகலெடுத்து, ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 போன்ற ஹாஷ் எண் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) கணக்கிட்டுப் பதிவு செய்யுங்கள். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் ஹாஷ் முற்றிலும் வேறாகிவிடும். வெளிச்சம் கூட்டுவது, வெட்டுவது எல்லாம் நகலில் மட்டும்; என்ன செய்தீர்கள் என்பதை மற்றொருவர் அப்படியே திரும்பச் செய்து பார்க்கும்படி வரிசையாக எழுதி வையுங்கள். எதையும் சேர்ப்பதோ நீக்குவதோ கிடையாது. இந்தப் படங்களை நண்பர்களுக்கு அனுப்புவதும் தன் திறமைக்குச் சான்றாகக் காட்டுவதும் அதே பட்டியலில் சேரும். அந்தச் சட்டத்துக்குள் இருப்பது ஒரு குடும்பத்தின் துயரம்.

பழகுவதற்கு ஒரு பயிற்சி

காவல்துறையில் இல்லாதவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு நண்பரிடம் உங்களுக்குத் தெரியாமல் ஓர் அறையில் ஐந்து பொருள்களைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள். மேலே சொன்ன வரிசையில், எதையும் தொடாமல், முப்பது படங்களுக்குள் அந்த அறையை எடுங்கள். பிறகு அந்த அறையைப் பார்த்தே இராத மூன்றாமவரிடம் படங்களை மட்டும் கொடுத்து, தாளில் அறையின் வரைபடம் போட்டுப் பொருள்களைக் குறிக்கச் சொல்லுங்கள்.

பொருள் என்ன என்பதைச் சொல்லிவிட்டு எங்கே என்பதில் தடுமாறினால், இடைத்தூரப் படங்களில் நீங்கள் சோம்பல்பட்டிருக்கிறீர்கள். தூரங்களை எக்கச்சக்கமாகக் கூட்டிப் போட்டால் அகன்ற லென்ஸ் ஏமாற்றியிருக்கிறது. ஜன்னலையே வரையவில்லை என்றால் ஒரு மூலையை விட்டுவிட்டீர்கள். எந்தப் படம் இல்லாமல் அவர் திணறினார் என்று கேட்டு எழுதிக்கொண்டு, அடுத்த வாரம் வேறு அறை, வேறு ஐந்து பொருள்கள்; இந்த முறை விளக்கை அணைத்துவிட்டு.